பார்வை விழாத இடத்தில் எவ்வளவு வரைய வேண்டும்? ஃபோவியேட்டட் ரெண்டரிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் மெய்நிகர் ஹெட்செட்டை அணிந்துகொண்டு ஒரு கணினிக் காட்டுக்குள் நிற்கிறார். அவர் காணும் படமே பக்கத்து மேசையில் இருக்கும் திரையிலும் ஓடுகிறது. திரையைப் பார்ப்பவருக்கு அது பாதியில் கைவிட்ட ஓவியம் போலத் தோன்றுகிறது. ஒரு சிறிய வட்டத்துக்குள் மட்டும் இலை நரம்பு வரை தெரிகிறது, அதற்கு வெளியே எல்லாம் பச்சைத் திட்டுகள். அந்த வட்டமும் நிலையாக இல்லை. நொடிக்கு இரண்டு மூன்று முறை இடம் மாறுகிறது. ஹெட்செட் அணிந்தவரிடம் கேட்டால், காடு முழுவதும் தெளிவாக இருக்கிறது என்கிறார். இருவர் முன்னாலும் இருப்பது ஒரே படம்தான். இருவர் சொல்வதும் உண்மைதான்.

இந்த உத்திக்கு ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்று பெயர். விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கென்றே அமைந்த சிறு குழிக்கு ஃபோவியா என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. பார்வை விழும் இடத்தை முழு நுணுக்கத்தோடும், விலகிப் போகப் போகக் குறைந்த நுணுக்கத்தோடும் வரைவதே இதன் சாரம். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியைச் செயல்படுத்தப் போனவர்களுக்கு, ஓரப் பார்வை என்பது நடுப்பார்வையின் மங்கிய நகல் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு தவறு என்று புரிந்தது. அதை முதலில் எண்களோடு காட்டிய ஒரு பரிசோதனையை எடுத்துக்கொண்டு, அது விட்டுச்சென்ற இடைவெளிகளைப் பின்வந்தவர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று இங்கே பார்க்கிறேன்.

விழித்திரை செய்யும் சிக்கனம்

முதலில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த வரியில் உள்ள ஏதாவது ஒரு சொல்லின் மீது பார்வையை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல், நான்கு வரி கீழே இருக்கும் சொல்லைப் படிக்க முயலுங்கள். எழுத்துகள் அங்கே இருப்பது தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது. கையை முழுதாக நீட்டி நிமிர்த்திய கட்டைவிரலின் அகலம் நம் பார்வையில் சுமார் 2 பாகை. உண்மையில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். இரு கண்களும் சேர்ந்து கிடைமட்டமாகக் காணும் பரப்போ 200 பாகையை ஒட்டியது.

கிறிஸ்டின் கர்சியோவும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு மனித விழித்திரையில் பகல் வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காணும் கூம்பு செல்கள் சராசரியாக 46 லட்சமும், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் 9.2 கோடியும் இருக்கின்றன. கூம்பு செல்கள் ஃபோவியாவின் நடுவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 1,99,000 வரை நெருங்கி நிற்கின்றன. அங்கிருந்து சற்று விலகினாலே செங்குத்தாகக் குறைந்துவிடுகின்றன. இத்தனை கோடிச் செல்களின் செய்தியையும் மூளைக்குக் கொண்டுபோகும் பார்வை நரம்பில் இருப்பவை சுமார் பத்து லட்சம் இழைகள் மட்டுமே. நடுவில் உள்ள கூம்பு செல்களுக்கு ஏறத்தாழத் தனி வழி கிடைக்கிறது. ஓரத்தில் பல செல்கள் ஒரே இழையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆக, படத்தைச் சுருக்கும் வேலை மூளைக்குப் போவதற்கு முன்பே, கண்ணுக்குள்ளேயே நடந்து முடிகிறது. கணினி பாடுபட்டு வரைந்த ஓரப் பிக்சல்களில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கரைந்துபோகிறது.

சமதளத் திரையின் ஊதாரித்தனம்

இனி மறுபக்கக் கணக்கு. சராசரி நல்ல பார்வை ஒரு கோண நிமிடத்தை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அதற்கு ஈடுகொடுக்கப் பாகைக்கு 60 பிக்சல் வேண்டும். 100 பாகை அகலமும் 100 பாகை உயரமும் கொண்ட காட்சிக்கு ஒரு கண்ணுக்கு 6000 × 6000, அதாவது 3.6 கோடி பிக்சல். இரு கண்ணுக்கும் 7.2 கோடி. நொடிக்கு 90 ஃபிரேம், அதாவது 90 தனிப் படங்கள் என்றால் 648 கோடி. வழக்கமான 1920 × 1080 திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டினால் வருவது 12.4 கோடிதான். ஐம்பது மடங்குக்கும் மேலான வேலையை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 11 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கிலும் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறேன். வரைகலைச் செயலி படத்தைச் சமதளத்தில் வரைகிறது. பார்வையோ கோணத்தில் அளக்கிறது. சமதளத்தில் நடுவிலிருந்து விலக விலக, ஒரு பாகைக்குள் அடங்கும் பிக்சல்கள் கூடிக்கொண்டே போகும். 45 பாகை தள்ளி அது நடுவில் இருப்பதைப்போல இருமடங்கு. 50 பாகையில் ஏறக்குறைய 2.4 மடங்கு. கண்ணுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் இடத்தில்தான் செயலி மிக அதிகமாக உழைக்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கும் எவருக்கும் மனம் பொறுக்காது.

2012: மூன்று அடுக்குப் பரிசோதனை

பார்வையைப் பின்தொடர்ந்து வரைவது அதற்கு முன்பே தோன்றிய எண்ணம்தான். மார்க் லெவாயும் ராஸ் விட்டேக்கரும் 1990இலேயே பார்வை வழிநடத்தும் கன அளவு வரைதலை, அதாவது முப்பரிமாணத் தரவைப் படமாக்கும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் கருவிகள் அப்போது கைகொடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சைச் சேர்ந்த பிரையன் குன்டர், மார்க் ஃபின்ச், ஸ்டீவன் டிரக்கர், டெஸ்னி டான், ஜான் ஸ்னைடர் ஆகிய ஐவர் 2012இல் வெளியிட்ட ஆய்வே இதைச் சாதாரண மேசைக் கணினித் திரையில் ஓட்டி, மனிதர்களை உட்காரவைத்து அளந்து காட்டியது.

அவர்களின் முறை இது. பார்வை விழும் புள்ளியைக் கருவி கண்டுபிடிக்கிறது. அதைச் சுற்றி மூன்று படங்கள் வரையப்படுகின்றன. உள் அடுக்கு சிறிய பரப்பை முழுக் கூர்மையில் காட்டும். நடு அடுக்கு அதைவிடப் பெரிய பரப்பைக் குறைந்த அடர்த்தியில் காட்டும். வெளி அடுக்கு முழுக் காட்சியையும் மிகக் குறைந்த அடர்த்தியில் காட்டும். மூன்றையும் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்புகள் உறுத்தாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

அடுக்குகளின் அளவைக் குத்துமதிப்பாக வைக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண் பிரித்தறியும் மிகச்சிறு கோணம், நடுவிலிருந்து விலகும் தூரத்துக்கு ஏற்ப ஒரே சீராகக் கூடும் என்பது பார்வை உளவியலில் வழங்கிவரும் மாதிரி. ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வு தெரிந்துவிட்டால், அடுக்குகளின் அளவும் அடர்த்தியும் தாமாகவே கணக்கில் வந்துவிடும். பங்கேற்பாளர்களை வைத்து அவர்கள் கண்ட சாய்வு, விலகும் ஒவ்வொரு பாகைக்கும் 1.32 முதல் 1.65 கோண நிமிடம் வரை. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 20 பாகை தள்ளிப் போனால், அந்த மிகச்சிறு கோணம் 26 கோண நிமிடத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. முழு நிலவின் அகலம் சுமார் 31 கோண நிமிடம். நேரே பார்க்கும்போது நிலவில் எத்தனை நிழல்களைப் பிரித்தறிகிறோம்! ஓரக்கண்ணில் அது வெறும் ஒளிப்பொட்டு.

விளைவு: நிறம் கணக்கிட வேண்டிய பிக்சல்கள் 10 முதல் 15 மடங்கு குறைந்தன. வரையும் வேகம் 5 முதல் 6 மடங்கு கூடியது. முழுக் கூர்மைப் படத்தையும் இந்தப் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டியபோது, ஓரத்தை மிதமாகவே குறைத்த அமைப்பில் இரண்டும் சமம் என்றோ, இதுவே மேல் என்றோ பங்கேற்பாளர்கள் சொன்னார்கள்.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிக்சல் 10–15 மடங்கு குறைந்தும் வேகம் ஏன் 5–6 மடங்கோடு நின்றது? காட்சி முக்கோணங்களால் ஆனது. மூன்று அடுக்கு என்றால் அந்த முக்கோணங்களை மூன்று முறை செயலிக்குள் செலுத்த வேண்டும். கலப்பதற்கும் மினுக்கத்தை அடக்குவதற்கும் வேறு நேரம் போகிறது. மிச்சப்படுத்திய பிக்சல் வேறு, மிச்சமான நேரம் வேறு. விளம்பரங்களில் வரும் "இத்தனை மடங்கு" எதைப் பற்றியது என்று பார்க்காமல் யாரும் நம்ப வேண்டாம்.

மினுக்கம்: ஓரக்கண் மன்னிக்காத பிழை

வெளி அடுக்கில் பிக்சல்கள் பெரியவை. ஒரு மெல்லிய கிளை அந்தப் பெரிய பிக்சலுக்குள் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு ஃபிரேமில் தெரியும், அடுத்த ஃபிரேமில் மறையும். கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஓரம் முழுவதும் மினுமினுக்கத் தொடங்கும். ஓரப் பார்வைக்கு எழுத்து படிக்க வராது. ஆனால் அசைவையும் ஒளி ஏற்ற இறக்கத்தையும் அது எளிதில் விடுவதில்லை. பக்கவாட்டில் ஏதோ அசைந்தால் திரும்பிப் பார்க்கவைப்பதே அதன் பணி. அங்கே மினுக்கம் தோன்றினால், கண் அனிச்சையாக அங்கே தாவும், கவனம் சிதறும்.

ஆகவே குன்டர் குழுவினர் உழைப்பில் கணிசமான பங்கை மினுக்கத்தை அடக்கவே செலவிட்டார்கள். நிறத்தைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகளை ஒவ்வொரு ஃபிரேமிலும் சற்றே இடம் மாற்றி, முந்தைய ஃபிரேமின் நிறங்களோடு கலந்து, நுணுக்கத்தைக் காலத்தில் பரப்பி மீட்டார்கள். முழுக் கூர்மைப் படத்தைவிட இதுவே மேல் என்று சிலர் சொன்னதற்கு இந்த மென்மையாக்கமே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, ஓரத்தை நன்றாக மங்கலாக்கிவிட்டால் மினுக்கமே வராதே என்று தோன்றலாம். அதற்குப் பதில் 2016இல் வந்தது. வரைகலைச் செயலி தயாரிக்கும் என்விடியாவின் அஞ்சுல் பட்னியும் சக ஆய்வாளர்களும் ஓரத்தை வெறுமனே மங்கலாக்கிப் பார்த்தார்கள். பார்ப்பவர்களுக்குச் சுரங்கத்தின் வழியே பார்ப்பது போன்ற உணர்வு ஏற்பட்டது. மங்கலாக்கும்போது வெளிச்சமும் இருளும் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வேறுபாடு தணிந்துவிடுகிறது. இலை எது, கல் எது என்று ஓரக்கண் கேட்பதில்லை. ஆனால் அங்கே எவ்வளவு வெளிச்சமும் இருளும் கலந்து கிடக்கின்றன என்பதை அது உணர்கிறது. மங்கலாக்கிய பின் அந்த வேறுபாட்டை மட்டும் செயற்கையாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அதன்பின் இருமடங்கு வரை அதிகமாக மங்கலாக்கிய பிறகே பங்கேற்பாளர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. இந்த அறிவைக் கொண்டு அவர்கள் கட்டிய அமைப்பு நிறக்கணிப்புகளை 70 சதவீதம் வரை குறைத்தது.

இந்த முழுக் கதையின் திருப்புமுனை இது என்று நான் கருதுகிறேன். 2012 வரை கேள்வி "எவ்வளவு நீக்கலாம்?" என்று இருந்தது. 2016க்குப் பின் "எதை நீக்கக் கூடாது?" என்றானது. சரியான அளவு சொரசொரப்பும் சரியான அளவு ஒளி வேறுபாடும் இருந்தால், விவரங்கள் பொய்யாக இருந்தாலும் ஓரக்கண் ஏற்றுக்கொள்கிறது.

கண் தாவும் வேகத்தோடு ஓட்டப்பந்தயம்

நொடிக்கு இரண்டு மூன்று முறை கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுகிறது. பெரிய தாவல்களில் அதன் வேகம் நொடிக்கு 500 பாகையைத் தாண்டும். அவ்வளவு வேகத்தில் உலகம் விழித்திரையில் இழுபட்டுத் தேய வேண்டும். நமக்கு அப்படித் தெரிவதில்லை. தாவலின்போதும் அது முடிந்த சற்று நேரத்துக்கும் மூளை பார்வையின் உணர்திறனைத் தணித்துவைக்கிறது. அந்தச் சிறு இருட்டறைக்குள் கணினி புதிய இடத்தைக் கூர்மையாக வரைந்து முடித்துவிட்டால், மோசடி வெளியே தெரியாது.

வேலைகளோ வரிசை கட்டி நிற்கின்றன. கேமரா கண்ணைப் படம்பிடிக்க வேண்டும். கண்மணி எங்கே, கருவிழியில் அகச்சிவப்பு விளக்கின் பளபளப்பு எங்கே என்று தேட வேண்டும். பார்வைப் புள்ளியைக் கணிக்க வேண்டும். காட்சியை வரைய வேண்டும். திரை ஒளிர வேண்டும். ஒவ்வொன்றும் சில மில்லிநொடிகளைத் தின்கிறது. ரேச்சல் ஆல்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மொத்தத் தாமதம் 50 முதல் 70 மில்லிநொடி வரை இருந்தால் தாங்கும் என்றும், 80 முதல் 150 மில்லிநொடிக்குப் போனால் ஓரத்தைக் குறைக்கும் அளவை வெகுவாகக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும் என்றும் கண்டது. 90 ஃபிரேம் வேகத்தில் 70 மில்லிநொடி என்பது ஆறு ஃபிரேமுக்குச் சற்று அதிகம். இது நிம்மதி தரும் எண்தான், ஆனால் தாராளமான எண் இல்லை. தாமதம் கூடினால் ஒரே வழி, கூர்மை வட்டத்தைப் பெரிதாக்குவது. வட்டம் பெரிதானால் சேமிப்பு கரையும். கண்ணைப் பின்தொடரும் கேமராவின் தரம் நேரடியாக வரைகலைச் செயலியின் சுமையாக மாறும் இந்த இடத்தைத் தயாரிப்பாளர்கள் பலரும் போதுமான அளவு பேசுவதில்லை.

கடைக்கு வந்தபோது

கண்ணைப் பின்தொடரும் கருவி இல்லாத ஹெட்செட்டுகளுக்கு ஒரு சமரசம் கிடைத்தது. லென்ஸின் ஓரம் எப்படியும் தெளிவு குறைந்தது. சமதள வரைவில் அங்கே பிக்சல்கள் தேவைக்கு மிஞ்சிக் கிடப்பதையும் பார்த்தோம். ஆகவே பார்வை எங்கே இருந்தாலும் ஓரத்தை மட்டும் குறைத்து வரையலாம். வால்வ் நிறுவனத்தின் அலெக்ஸ் விளாகோஸ் 2016இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஓரப் பிக்சல்களை நான்கு நான்காகத் தவிர்க்கும் முறையை விளக்கினார். 2018இல் ஆக்குலஸ் கோ ஹெட்செட்டில் நிலையான ஃபோவியேஷன் வந்தது. கைப்பேசிச் செயலிகள் படத்தைச் சிறு ஓடுகளாகப் பிரித்து வரைபவை என்பதால், ஓர ஓடுகளை மட்டும் குறைந்த அடர்த்தியில் வரைவது அவற்றுக்கு இயல்பாகவே பொருந்தியது. இதன் குறை உடனே தெரியும்: தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தி அங்கிருக்கும் எழுத்தைப் படித்தால், ஏமாற்று வெட்டவெளிச்சமாகிவிடும்.

அதே 2018இல் என்விடியாவின் டூரிங் தலைமுறை வரைகலைச் செயலிகள், படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நிறக்கணிப்பின் அடர்த்தியைத் தனித்தனியாக மாற்றும் வசதியோடு வந்தன. மறு ஆண்டு, விளையாட்டுகள் வரைகலைச் செயலியோடு பேசப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12இலும் அது சேர்ந்தது. இதில் முக்கோணங்களின் விளிம்புகள் முழுக் கூர்மையிலேயே இருக்கும். உள்ளே பூசும் நிறம் மட்டும் பல பிக்சல்களுக்கு ஒன்றாகக் கணக்கிடப்படும். மூன்று அடுக்குகள் தேவையில்லை, முக்கோணங்களை மூன்று முறை செலுத்த வேண்டியதில்லை, விளிம்பில் வரும் மினுக்கமும் பெருமளவு குறைகிறது. குன்டர் குழுவினர் மென்பொருளில் பட்ட பாட்டில் ஒரு பகுதியை வன்பொருள் தன் தோளில் ஏற்றிக்கொண்டது.

2023 பிப்ரவரியில் வெளியான பிளேஸ்டேஷன் விஆர்2 இந்த உத்தியைப் பொதுமக்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு கண்ணுக்கு 2000 × 2040 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு 120 படம்), உள்ளே கண்ணைப் பின்தொடரும் கேமராக்கள். அது வெளிவரும் முன்பே, 2022இல் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம் தன் அளவீட்டை முன்வைத்தது: ஃபோவியேட்டட் ரெண்டரிங்கால் வரைகலைச் செயலியின் ஃபிரேம் நேரம் 2.5 மடங்கு வரை குறைகிறது. பார்வையைப் பின்தொடர்வதையும் சேர்த்தால் 3.6 மடங்கு வரை. கண்ணைப் பின்தொடர்வதன் தனி மதிப்பு அந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான். 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ, இரு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல் கொண்டது. அதுவும் பார்வை விழும் இடத்தைக் கூர்மையாக வரையும் முறையையே நாடுகிறது.

"2.5 மடங்கு வரை" என்பதில் உள்ள "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பிக்சல் நிறக்கணிப்புக்கு 6, மற்றவற்றுக்கு 4. நிறக்கணிப்பைப் பத்தில் ஒன்றாக்கினாலும் மொத்தம் 4.6 மில்லிநொடி, இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான வேகம்தான். நிழல் வரைபடங்கள், முக்கோண உச்சிகளின் கணக்கு, பொருள்கள் மோதும் இயற்பியல், மையச் செயலி அனுப்பும் கட்டளைகள் இவை எதற்கும் கண் எங்கே பார்க்கிறது என்பது பற்றிக் கவலையில்லை. நிறக்கணிப்பு கனமான காட்சியில் இந்த உத்தி கொட்டிக் கொடுக்கும். எளிய நிறமும் ஏராளமான பொருள்களும் உள்ள காட்சியில் ஏமாற்றமே மிஞ்சும். தன் விளையாட்டில் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்க்காமல் இதைச் சேர்ப்பவர் வீணாக உழைக்கிறார்.

2012 ஆய்வு எதிர்காலத்தைப் பற்றியும் ஒன்று சொன்னது. 70 பாகை அகலமும் ஃபோவியாவுக்கு ஈடான கூர்மையும் கொண்ட திரை வந்தால் சேமிப்பு 100 மடங்கை எட்டும். அதே கூர்மையில் காட்சியை அகலப்படுத்திக்கொண்டே போனால், செலவு இருபடியாக ஏறாமல் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். திரைகள் அந்தக் கூர்மையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன. திரை பெரிதாகப் பெரிதாக இந்த உத்தியின் பலனும் பெரிதாகும் என்பதால், இனி இது விருப்பத்துக்குச் சேர்க்கும் கூடுதல் வசதியாக இருக்கப்போவதில்லை; அடித்தளமாகிவிடும்.

அப்படி ஆகும்போது எனக்கு ஒரு கவலை இருக்கிறது. மேலே கண்ட எண்கள் எல்லாம் நலமான கண்களை வைத்து அளந்தவை. விழிநடுக்கம் உள்ளவரின் பார்வைப் புள்ளி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கூர்மை வட்டமும் அதோடு ஆடும். மாறுகண் உள்ளவரின் இரு கண்களும் ஒரே இடத்தைச் சுட்டுவதில்லை. எந்தக் கண்ணை நம்புவது என்று கருவி தடுமாறும். விழித்திரையின் மையம் சிதைந்தவர்கள் ஃபோவியாவால் பார்ப்பதே இல்லை. ஓரத்தில் ஓர் இடத்தைப் பழக்கிக்கொண்டு அதனால் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நேர்கோட்டு மாதிரியின் கூர்மை வட்டம் பார்வையே இல்லாத இடத்தில் போய் விழக்கூடும். அவர்கள் உண்மையில் நம்பியிருக்கும் ஓரம்தான் மங்கலாக்கப்படும். கருவி பார்வையைத் தவறவிட்டால் நிலையான ஃபோவியேஷனுக்குத் தானே திரும்ப வேண்டும். வட்டத்தின் அளவைப் பயனர் பெரிதாக்க முடிய வேண்டும். முழுவதும் அணைக்கும் பொத்தான் ஒன்று, மெனுவின் ஐந்தாம் அடுக்கில் புதைந்து கிடக்காமல், கருவியை அளவுதிருத்தம் செய்யும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.